வாசல் பதிவேட்டில் ஒரு கட்டு மிரா

எங்கள் பல்கலைக்கழகத்தின் முப்பதாம் ஆண்டு மலர் என்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். வழவழப்பான தாள், நூற்று நாற்பது பக்கம். பிஷப் மூன்று பக்கத்தில் இருக்கிறார், துணைவேந்தர் ஏழு பக்கத்தில். பட்டமளிப்பு விழாவுக்கு வந்த ஒரு மந்திரியின் மனைவி போட்டிருந்த தொப்பிக்குக்கூட அரைப் பக்கம் கிடைத்திருக்கிறது. சைலஸ் பாரியுவுக்கு ஒரு மூலைகூட இல்லை. அந்தப் புத்தகத்தை நான் சமையற்கட்டில் வைத்திருக்கிறேன். சூடான சட்டியை இறக்கி வைக்கத் தோதாக இருக்கிறது.

நான் கெண்டி. மாணவர் விடுதிச் சமையற்கட்டில் இருபத்தாறு வருஷம். சோளமும் அவரையும் வேகவைத்து வேகவைத்து நான் வளர்த்துவிட்ட பிள்ளைகள் இன்றைக்கு மேரு ஜில்லா முழுக்க வாத்தியாராகவும் நர்ஸாகவும் பாதிரியாராகவும் இருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள் சைலஸைப் பற்றி எழுத மாட்டேன் என்கிறார்கள். அதனால் கரண்டி பிடிக்கிற நான் சொல்கிறேன்.

சைலஸ் எங்கள் வாசற்காவலர். வாசற்காவலர் என்றால் சும்மா வாசலின் குறுக்குக் கம்பைத் தூக்கிவிடுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். முப்பத்தொரு வருஷம் அந்த வாசலில் நின்ற மனிதர். வருகிற போகிற ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பார், பார்த்ததைப் பதிவேட்டில் எழுதுவார். பேர், நேரம், பொருள், காரியம் என்று நாலு கட்டம். பிஷப்பின் பெட்டியையே திறக்கச் சொல்லி, "அங்கி இரண்டு, வேதப்புத்தகம் ஒன்று, இருமல் மருந்து ஒன்று" என்று எழுதியவர். பிஷப் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். என் பையை எத்தனை நாள் குடைந்திருக்கிறார் தெரியுமா? மிஞ்சின ரெண்டு சப்பாத்தியை வீட்டுக்குக் கொண்டுபோனால் அதையும் எழுதுவார். "என்னைக்காவது ஒரு நாளாச்சும் கண்ணை மூடிக்கக் கூடாதா?" என்று கேட்டால், "ஒனக்கு மூடினா ஊருக்கே மூடணும் கெண்டி" என்பார். கோபம் கோபமாக வரும். ஆனால் பொய் பேசாத மனிதர்.

சபையிலும் அப்படித்தான். எங்கள் மெதடிஸ்ட் சபையில் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு வகுப்புத் தலைவர் உண்டு. வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து, உடம்பு எப்படி, ஆடு எப்படி என்று விசாரித்துவிட்டு, கடைசியில் ஆத்துமா எப்படி என்று கேட்பவர். எங்கள் பன்னிரண்டு வீட்டுக்கு சைலஸ்தான். மற்றவர் ஆத்துமாவைக் கேட்கிறதற்கு முன்னால் தன் குற்றத்தைத் தானே சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இந்த வாரம் மனைவியிடம் இரண்டு தடவை எரிந்து விழுந்தேன் என்று எங்கள் முன்னால் சொல்வார். அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, "மூணு தடவை" என்று திருத்துவாள்.

இப்போது பல்கலைக்கழகம் வந்த கதைக்கு வருகிறேன். மலரில் இருப்பது வேறு கதை. இது நடந்த கதை.

வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்தில் இங்கே ஒன்பது பையன்களோடு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அப்புறம் வாத்தியார் பயிற்சிக் கல்லூரி ஆயிற்று. எங்கள் பிள்ளைகளுக்கு நைரோபியில் இடம் கிடைக்காமல் வருஷா வருஷம் திரும்பி வந்ததைப் பார்த்துச் சலித்துப்போய், நாமே ஒரு பல்கலைக்கழகம் ஆரம்பிப்போம் என்று சபை தீர்மானித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலிலேயே ஏலம் நடக்கும். வாழைத்தார், கோழி, முட்டை, வள்ளிக்கிழங்கு என்று அவரவர் கொண்டுவந்ததைக் கூவி ஏலம் விட்டார்கள். இந்த மலையில் எல்லார் தோட்டத்திலும் நிற்பது மிரா மரம். அந்தக் கொழுந்தை மென்றுதான் பாதி ஊர் விழித்திருக்கிறது, அதை விற்றுத்தான் முழு ஊரும் சாப்பிடுகிறது. சபையோ மிராவைத் தொடக்கூடாது என்று சொல்லும். ஆகவே மிராவை ஏலத்துக்குக் கொண்டுவரக் கூடாது, அதைச் சந்தையில் விற்றுவிட்டுக் காசாகக் கொண்டுவரலாம் என்று பிரசங்க மேடையிலிருந்தே அறிவித்தார்கள். கொழுந்தென்றால் பாவமாம், காசானால் காணிக்கையாம். இந்தப் பூசி மெழுகுகிற வேலை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

நிலம் வேண்டும். மலைமுகட்டில் அறுபது ஏக்கர், ஒரு குலத்துக்குச் சொந்தம். சபைக் குழு அந்தக் குலத்துப் பெரியவர்களிடம் போயிற்று. என் மாமனார் அந்தக் குழுவில் இருந்தவர். சாகிறவரைக்கும் அந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். தட்டச்சு செய்த கடிதம் மூன்று பிரதி, ரெண்டு டப்பா பிஸ்கட்டு, ஒரு வேதப்புத்தகம். இதோடு போய் அத்தி மரத்தடியில் உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் கேட்டார்கள், தலையாட்டினார்கள், அப்புறம் எல்லாரும் சேர்ந்து வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் வானத்தைப் பார்த்தார்கள். குழு எழுந்து வந்துவிட்டது. ரெண்டாம் தடவை போனபோதும் அதே வானம்.

அப்போது சைலஸுக்கு இருபத்தேழு வயசு, கோவில் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் போதகரிடம் பயந்து பயந்து சொன்னார். வெறுங்கையோடு போனால் யார் பேசுவார்கள் என்று. எங்கள் ஊரில் பெண் கேட்கப் போனாலும் சரி, செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கப் போனாலும் சரி, ஒரு கட்டு மிரா கையில் இருக்க வேண்டும். விற்கிற கட்டு இல்லை. பாட்டன் வைத்த கிழட்டு மரத்திலிருந்து அன்று காலையில் பறித்த கொழுந்து, வாழையிலையில் பொதிந்து, வாழைநாரில் கட்டினது. அதற்கு ஞ்சோலோ என்று பேர். மரியாதைக் கட்டு. அதை மெல்ல வேண்டும் என்றுகூட இல்லை. "உன்னை மதித்து வந்திருக்கிறேன்" என்று அர்த்தம், அவ்வளவுதான்.

போதகர் ரெண்டு நாள் யோசித்தார். கடைசியில் சைலஸே கட்டினார், சைலஸே தூக்கிக்கொண்டு போனார். சபையார் கண்ணில் பட்டுவிடாமல் போதகருடைய மழைக்கோட்டில் சுற்றி. வெயில் கொளுத்துகிற நாளில் மழைக்கோட்டைச் சுமந்துகொண்டு ஒருவன் பின்னால் வருவதைப் பார்த்து ஊரே சிரித்ததாம். அத்தி மரத்தடியில் அதைப் பிரித்தார்கள். பெரியவர்கள் வானத்தை விட்டுவிட்டு இவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் அறுபது ஏக்கரும் சபைக்கு. இன்றைக்கு அந்த அத்தி மரம் வளாகத்துக்குள்ளே தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

மலரில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குப் பின் கர்த்தர் நிலத்தைக் கொடுத்தாராம். கர்த்தர்தான் கொடுத்தார், நான் இல்லை என்று சொல்லவில்லை. யார் கையால் கொடுத்தார் என்று எழுதினால் குறைந்தா போய்விடும்?

சரி. போன வருஷம் ஜூன் மாசம். சைலஸின் மூத்த பையனுக்குப் பெண் பேசி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. கட்டு அன்று பறித்ததாக இருக்க வேண்டும். சைலஸுக்குப் பகல் வேலை, வேலை முடிந்து நேரே பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே அவர் தம்பி காலையில் மரத்திலிருந்து பறித்துக் கட்டிக்கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனான். வளாகத்துக்குள் மிரா கூடாது என்று அப்போதுதான் புதுச் சட்டம். காவலர் கூண்டு வாசலுக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா என்று எவனாவது பார்ப்பானா? சைலஸ் பார்த்தார். உள்பக்கம். ஆகவே பதிவேட்டை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். பேர்: சைலஸ் பாரியு. பொருள்: மிரா, ஒரு கட்டு. காரியம்: மகனுக்குப் பெண் கேட்க.

அட கடவுளே. எழுதாமல் இருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. உலகத்தில் வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

மத்தியானம் பதிவாளர் வந்தார். டாக்டர் எல்பாஸ் தூரனிரா. இந்த மலையில் பிறந்தவர்தான். அவர் அப்பாவுக்கு நானூறு மிரா மரம், அந்த மரங்கள்தான் அவரைப் பதிமூணு வயசிலேயே விடுதிப் பள்ளிக்கும் அப்புறம் சீமைக்கும் அனுப்பின. திரும்பி வந்ததும் முதல் காரியமாக மிராவைத் தடை செய்தார். பதிவேட்டைப் புரட்டினார். சிவப்பு மையால் அந்த வரிக்குக் கீழே எழுதினார்: "பணியிடத்தில் போதைப்பொருள். பணிநீக்கம்." மிச்சம் இருந்த அரைப் பக்கத்தில் யாரும் எழுதக்கூடாது, இது சாட்சியப் பக்கம், அடுத்த பக்கத்திலிருந்து எழுதுங்கள் என்று உத்தரவு போட்டார்.

கட்டை என்ன செய்தார்? என் சமையற்கட்டுக்கு அனுப்பினார். அடுப்பில் போடச் சொல்லி. நானும் போட்டேன். அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கூசுகிறது. ஒரு மனிதர் மகன் கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற மரியாதையை, அவரைப் பதினைந்து வருஷமாக வகுப்புத் தலைவராக வைத்திருந்த நான், மேலதிகாரி சொன்னார் என்று அவரை வேகிற அடுப்பில் போட்டு எரித்தேன்.

அன்று சாயங்காலம் அவர் வெறுங்கையோடு போய் நின்றார். பெண்ணின் அப்பா வானத்தைப் பார்த்தார். அந்தச் சம்பந்தம் ஒன்பது மாசம் அந்தரத்தில் தொங்கியது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தேநீர் கொடுக்கிற சாக்கில் நானும் உள்ளே நின்றேன். சைலஸ் வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி, அதைப்பற்றிக்கூட வாய் திறக்கவில்லை. அந்தச் சிவப்பு வரியை அடித்துவிடுங்கள் என்றுதான் கேட்டார். "போதைப்பொருள்னு என் பேருக்குக் கீழ இருக்கக் கூடாதுங்க. நான் என்னைக்கும் வாயில வச்சதில்ல. இந்த நெலமே அந்தக் கட்டாலதாங்க வந்துது" என்றார்.

பதிவாளர் மேஜையிலிருந்த மலரை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, அவர் முன்னால் தள்ளினார். "நீங்க சொல்றது எதுவும் இதுல இல்லையே சைலஸ்" என்று சொல்லிச் சிரித்தார்.

தகப்பன் வயசு மனிதரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை விடுங்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் எனக்கு வயிறு எரிந்தது. தேநீரை அவர் மடியில் கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. அதுவும் என் தப்புக் கணக்கில்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையும் தன் பங்குக்குச் செய்தது. விஷயம் தெளிவாகிறவரை வகுப்புத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகி இருக்கட்டும் என்றார்கள். மழைக்கோட்டுக்காரப் போதகர் செத்துப் பத்து வருஷம் ஆகிறது, சபையில் சாட்சி சொல்ல வேறு ஆளில்லை. சைலஸ் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவர் மனைவி என்னிடம், "ராத்திரியெல்லாம் அந்த ஒரு வரியத்தான் சொல்லிச் சொல்லிப் பொலம்புறாரு. வேலை போனதுக்குக்கூட அழல" என்றாள்.

ஆறு மாசம் போயிற்று. பல்கலைக்கழகத்துக்கு நர்ஸ் படிப்புக் கட்டடத்துக்காகப் பக்கத்து முகட்டில் பதினோரு ஏக்கர் தேவைப்பட்டது. நிலம் யாருடையது? அதே குலம். பதிவாளர் போனார், அச்சடித்த கடிதத்தோடும் ரெண்டு பெட்டி சோடாவோடும். குலத்துக்கு இப்போது மூத்தவர் லிச்சோரோ, தொண்ணூறு வயசு இருக்கும். சோடா குடித்தார், ஏப்பம் விட்டார், வானத்தைப் பார்த்தார். ரெண்டாம் தடவை பதிவாளர் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்ப் படம் காட்டினார். கட்டடம் எப்படி இருக்கும், எத்தனை மாடி என்று. படம் நன்றாக இருக்கிறது என்றாராம் லிச்சோரோ. மறுபடியும் வானம்.

யாரோ பதிவாளர் காதில் மிராக் கட்டு விஷயத்தைப் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் தடவை டிரைவரிடம் காசு கொடுத்து, பஸ் நிலையத்தில் ஒரு கட்டு வாங்கி, பெரியவர் வீட்டில் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினார். தான் போகவில்லை. கையில் பட்டுவிடுமே. லிச்சோரோ டிரைவரை உட்காரவைத்து மூன்று கேள்வி கேட்டார். எந்த மரம்? யார் பறித்தது? யார் கட்டினது? டிரைவர் முழித்தான். கிழவர் கட்டைப் பிரித்து ஆட்டுக்குப் போட்டார். "ஒங்க எசமான்கிட்டச் சொல்லு. கடையில வாங்கின மரியாதைய ஆடு தின்னுருச்சு. போன தடவ கட்டினானே அந்தப் பய, அவன் கட்டட்டும். கேக்கறவன் கையில ஏந்திக்கிட்டு வரட்டும். போன தடவ ஒக்காந்த அத்தி மரத்தடியிலேயே ஒக்காருவோம்" என்று சொல்லி அனுப்பினார்.

இதெல்லாம் டிரைவர் என் சமையற்கட்டில் உட்கார்ந்து சொன்னது. எனக்குச் சந்தோஷத்தில் சாதத்தில் உப்புப் போட மறந்துவிட்டது.

பதிவாளர் சைலஸ் வீட்டுக்குப் போனார். நானும் அங்கேதான் இருந்தேன், வேண்டுமென்றே போயிருந்தேன். புல்லும் கல்லும் இல்லாத முற்றத்தில் காரை நிறுத்திவிட்டு உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நெளிந்தார். இந்த முறை பேர் சொல்லவில்லை. "பெரியவரே, நடந்ததை மறந்துடுங்க. திங்கக்கிழமையே வேலைக்கு வந்துடலாம். அந்தச் சிவப்பு வரியையும் நானே அடிச்சுடறேன். எங்களுக்கு ஒரு கட்டு மட்டும் கட்டிக் குடுங்க" என்றார்.

மாட்டேன் என்று சொல்லுங்கள் என்று நான் கண்ணால் ஜாடை காட்டினேன். சைலஸ் என்னைப் பார்க்கவே இல்லை. "கட்டித் தரேன். நர்ஸ் பிள்ளைங்களுக்குத்தானே" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்ன மனிதர் இவர், கொஞ்சமாவது சூடு சொரணை இருக்கிறதா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

குறித்த நாள் காலையில் சைலஸ் தன் பாட்டன் மரத்தில் தானே ஏறிப் பறித்தார். வாழையிலை, வாழைநார், எல்லாம் முறைப்படி. பதிவாளர் கையில் கொடுத்தார். கோட்டுக்குள் வைக்கப் பார்த்தவரை, "அப்படி ஒளிச்சா அது மரியாதை இல்லீங்க" என்று தடுத்து, ரெண்டு கையாலும் ஏந்தச் சொன்னார். வாசலிலிருந்து அத்தி மரம் வரைக்கும் கேட்பவர் நடந்து போக வேண்டும். அத்தி மரமோ வாசலுக்கு உள்ளே.

பத்து மணி. முதல் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கூட்டமாக வெளியே வருகிற நேரம். வாசலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கத்தூரே என்கிற பெண். அவளைப் பழக்கினவர் சைலஸ்தான். பதிவாளரைப் பார்த்தாள், அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். கம்பைத் தூக்கவில்லை. "பதிவேட்டுல எழுதணும் ஐயா" என்றாள். சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

நான் கரண்டியோடு வந்து நின்றுவிட்டேன். டிரைவர், தோட்டக்காரர், எழுபது எண்பது பிள்ளைகள், எல்லாரும் நின்றார்கள். தூரத்தில் அத்தி மரத்தடியில் லிச்சோரோ தன் ஆட்களோடு உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு வானம் தேவைப்படவில்லை.

பதிவாளர் கட்டைச் சைலஸிடம் கொடுத்துவிட்டு, பேனாவை எடுத்தார். முதலில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர்போல, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டி, அந்தச் சிவப்பு வரியை அடிக்கப் போனார்.

சைலஸ் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தார்.

"அடிக்க வேண்டாங்க. அடிச்சா நான் என்னமோ செஞ்சு, நீங்க மன்னிச்ச மாதிரி ஆயிடும். அது அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ அரைப் பக்கம் காலியா இருக்கு பாருங்க. ஒங்க பேர அங்க எழுதுங்க."

எட்டு மாசமாக எந்த வரியை அடிக்கச் சொல்லி அந்த மனிதர் தூங்காமல் கிடந்தாரோ, அதே வரி.

பதிவாளர் எழுதினார். பேர் எழுதினார், நேரம் எழுதினார். பொருள் என்கிற கட்டத்தில் பேனா நின்றது. "பாரம்பரியப் பொருள்" என்று ஆரம்பித்தார். "உள்ளத எழுதுங்க ஐயா" என்றார் சைலஸ், பிஷப்பிடம் சொன்ன அதே குரலில். மிரா, ஒரு கட்டு என்று எழுதினார். காரியம்: நிலம் கேட்க. கையெழுத்துப் போட்டார். கத்தூரே கம்பைத் தூக்கினாள். கட்டை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அத்தனை பிள்ளைகள் நடுவிலும் பதிவாளர் நடந்து போனார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன், சத்தமாகவே.

நிலம் கிடைத்தது. அடுத்த மாசம் சைலஸின் மகனுக்கும் பெண் கிடைத்தாள். அந்தக் கட்டுக்கு வாழையிலை வெட்டிக் கொடுத்தது நான், கேட்காமலே கொடுத்தேன். சபை அவரை மறுபடி எங்கள் வகுப்புத் தலைவராக்கியது. வேலைக்கு மட்டும் அவர் திரும்பவில்லை.

மலருக்கு இப்போது ரெண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. நர்ஸ் கட்டடத்தின் படம் ரெண்டு பக்கத்துக்கு. அந்தப் பதினோரு ஏக்கரும் ஊக்கமான ஜெபத்தின் பலனாகக் கிடைத்ததாம். படித்துவிட்டு அடுப்பங்கரையிலேயே நின்று கத்தினேன். கேட்க ஆள் இல்லை. ஆகவே புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு முதல் நாள் சோறு போடும்போது நான் ஒன்று சொல்கிறேன். இந்தப் பல்கலைக்கழகத்தின் சரித்திரம் வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போகாதீர்கள். வாசலில் பழைய பதிவேட்டைக் கேளுங்கள், கத்தூரே எடுத்துத் தருவாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.